காப்பவரும் காட்டுபவரும்: நூலகர் பணியின் உலக வரலாறு

முன்னுரை

இப்பொழிவின் பொருள் நூலகர் என்னும் பணியின் வரலாறு. மொழியியல் பயின்றவர் இப்பொருளைப் பற்றிப் பேச வருவானேன் என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். அதற்கு விடையாக நம் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டுப் பழைய இலக்கண உரைநூல் ஒன்றைப் பெரிய நூலகம் ஒன்றில் தேடினோம். அட்டைப் பெட்டியில் ஆசிரியர் பெயரைக்கொண்டு தேடினோம், கிடைக்கவில்லை. நூற்பெயரைக்கொண்டு தேடினோம், அப்போதும் கிடைக்கவில்லை. அந்நூல் அங்கு இல்லையென்று நெறியாளரிடம் கூறிவிட்டு, அதனைப் பாராமலே ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதி முடித்தோம். சில திங்கள் கழிந்தபின், நூல்களை அலமாரியில் அடுக்கும் முதிய பணியாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைக் குறிப்பிட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்று, அந்நூலை எடுத்துவந்து நம் கையில் கொடுத்தார். ஆசிரியரின் தந்தை பெயரைக் குடும்பப் பெயரென்று கருதி அட்டையின் தலைப்பில் இட்டிருந்தார்கள். நூற்பெயரோ ரோமன் எழுத்தில், நாம் எண்ணியும் பாராத எழுத்துக்கூட்டலில் இருந்தது. நூல் இருந்தது, அதனிடம் செல்லும் வழிதான் அடைபட்டிருந்தது. எழுதிய இயலை முற்றாகத் திருத்தி எழுத நேர்ந்தது.

நூலைக் காப்பது ஒரு பணி. நூலைத் தேடி வருபவர்க்கு அதனைக் காட்டுவது மற்றொரு பணி. உலகம் முதலாவதை மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள மிக நெடுங்காலம் ஆயிற்று. நூலகர் பணியின் வரலாறு என்பது பெரும்பாலும் முன்னதிலிருந்து பின்னதை நோக்கி நடந்த பயணமே என்பது நம் கருத்து. அப்பயணம் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இன்னும் முடியவில்லை என்பதையும் இறுதியில் காண்போம்.

1. பெயர்கள் சொல்லும் வரலாறு

ஒரு தொழிலின் பழைய நிலையை அறிய அதன் பெயரை ஆராய்வது மொழியியலார் வழக்கம். இலத்தீனில் 'லிப்ராரியுஸ்' என்னும் சொல் நூலைப் படியெடுக்கும் எழுத்தனையும் நூல் விற்பவனையும் குறித்தது. அதன் வழிவந்த 'லைப்ரேரியன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் எழுத்தனைக் குறித்து, பின்னரே நூலகப் பொறுப்பாளரைக் குறிக்கலாயிற்று. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நூற்பிரிவின் தலைவர்க்கு 'அச்சு நூல்களின் காப்பாளர்' என்பதே பதவிப் பெயராக இருந்தது. எழுதுபவர், விற்பவர், காப்பவர் என்று பெயர்கள் இருந்தன. வாசகர்க்கு உதவுபவர் என்னும் பொருள் எதிலும் இல்லை.

இந்தியப் பெயர்களும் இத்தகையனவே. சுவடிகள் இருந்த இடம் 'சரசுவதி பண்டாரம்' எனப்பட்டது. பண்டாரம் என்பது கருவூலம். கருநாடகப் பகுதியிலுள்ள நாகை என்னும் ஊரில் கிடைத்த கி.பி. 1058ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கிருந்த கடிகை ஒன்றின் அமைப்பை விவரிக்கிறது. வேதம் பயிலும் மாணவர் 200 பேர், அவர்க்குரிய ஆசிரியர்கள் என்னும் வரிசையில் 'சரசுவதி பண்டாரிகர்' அறுவரும் இடம்பெறுகின்றனர். கல்விநிலையம் ஒன்றில் சுவடிப் பொறுப்பாளரை ஆசிரியரோடு ஒருசேர எண்ணி மானியம் அளித்திருக்கிறார்கள் என்பது கருதத்தக்கது. ஆயினும் அவர்தம் பெயரும் கருவூலம் காப்பவர் என்றே பொருள்படும்.

தமிழில் புத்தகசாலை, வாசகசாலை, நூல்நிலையம், நூலகம் எனப் பெயர்கள் மாறி வந்துள்ளன. இவற்றுள் 'வாசகசாலை' என்பதொன்றே வாசிப்பவரை முன்னிறுத்திய பெயர். அது வழக்கில் அருகி வருவது வருந்தத்தக்கதே.

2. பட்டியல் செய்த புலவர்கள்

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பனிபால் நினிவே நகரில் களிமண் பலகை நூல்களைத் தொகுத்தான். அவற்றுள் பலகைகளும் துண்டுகளுமாக 30,000க்கு மேற்பட்டவை இன்று இலண்டனில் உள்ளன. நீண்ட நூல் பல பலகைகளில் அமையும்போது, ஒவ்வொரு பலகையின் இறுதியிலும் நூலின் பெயரையும் பலகையின் எண்ணையும் அடுத்த பலகையின் முதல் அடியையும் குறித்து வைத்தனர். நம் அந்தாதித் தொடை செய்யும் வேலையை அங்கு அக்குறிப்புச் செய்தது. பலகைகள் சிதறினாலும் மீண்டும் வரிசைப்படுத்த அது துணைநின்றது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி மன்னர்கள் பேணிய நூலகத்திற்குச் செனோடோட்டசு, எரட்டோசுதெனீசு முதலிய பெரும்புலவர்கள் தலைமை தாங்கினர். பூமியின் சுற்றளவைக் கணித்தவர் என்று பள்ளியில் நாம் கற்பிக்கும் எரட்டோசுதெனீசு, பதவியால் ஒரு நூலகர். அங்கேயே பணியாற்றிய கலிமாக்கசு என்னும் புலவர், 'பினாக்கிசு' என்னும் பட்டியலை 120 சுருள்களில் ஆக்கினார். அவர் நூலகத் தலைமை வகித்ததற்குத் தெளிவான சான்றில்லை. ஆனால் தலைவர் பலரைவிட அவர் பெயரே நூலக வரலாற்றில் நிலைத்துவிட்டது. நூல்களை வகைப்படுத்தி, ஒவ்வோர் ஆசிரியரின் தந்தை பெயர், பிறந்த ஊர், நூலின் முதற்சொற்கள், அடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அவர் குறித்தார். தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் பாட்டு முதற்குறிப்பு அகராதி அமைப்பதை நாம் அறிவோம். தலைப்பில்லாப் பாடலை அதன் முதற்சொல்லால் அடையாளம் காணும் தேவை எல்லா மொழியிலும் ஒன்றே.

சீனத்தில் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஆன் அரசவையைச் சேர்ந்த லியூ சியாங் அரசுச் சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்திக் குறிப்புரை எழுதினார். அவர் மகன் லியூ சின் அப்பணியை முடித்து, ஏழு பிரிவாக அமைந்த பட்டியலை ஆக்கினார். பாக்தாதில் நூல்வணிகம் செய்த இப்னு அல்நதீம், கி.பி. 987இல் அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் பத்து இயல்களில் தொகுத்து 'அல்ஃபிக்ரிஸ்ட்' என்னும் பட்டியலை எழுதினார். அதில் இடம்பெற்ற நூல்களுட் பல பின்னர் அழிந்துபோயின. அவை இருந்தன என்பதற்கே அப்பட்டியல் சான்றாக நிற்கிறது.

இவர்கள் அனைவரும் புலவர்கள். நூலகப் பணியைப் புலமையின் ஒரு கூறாகச் செய்தவர்கள். அப்பணிக்கெனத் தனிப்பயிற்சியோ பொது விதிகளோ அன்று இல்லை. ஒருவர் மறைந்தால் அவர் முறையும் அவரோடு மறையும் நிலையே இருந்தது.

3. ஐரோப்பா: விதிகள் பிறந்த கதை

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்த நூலகங்கள் இருந்தன. காத்தலே பணி என்னும் கருத்தின் கண்கூடான வடிவம் அது. அச்சுக்கலை பரவி நூல்கள் பெருகிய பின்னரும் நூலகங்கள் அரசர்க்கும் திருச்சபையார்க்கும் அறிஞர்க்குமே உரியனவாயிருந்தன.

1627இல் கேப்ரியல் நோடே என்னும் பிரெஞ்சு அறிஞர், நூலகம் அமைக்கும் முறைபற்றி ஒரு சிறுநூல் எழுதினார். மாற்றுச் சமயத்தாரின் நூல்களையும் வாங்க வேண்டும், கற்பார் அனைவர்க்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பன அவர் கொள்கைகள். பின்னர்க் கர்தினால் மசாரினின் நூலகத்தை அமைத்து, அதனைக் கற்பவர்க்குத் திறந்துவிட்டு, தாம் எழுதியதைத் தாமே செய்துகாட்டினார். செருமனியில் மார்ட்டின் சிரெட்டிங்கர் என்னும் துறவி, 1808இல் வெளியிட்ட நூலில் 'நூலக அறிவியல்' என்னும் தொடரை ஆண்டார். நூலகரின் நினைவாற்றலை நம்பி நூலகம் இயங்கக்கூடாது, ஆளுக்கு ஆள் மாறாத முறையை நம்பி இயங்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு வேலை தொழிலாக மாறுவதன் இலக்கணமே இதுதான்.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத மற்றொருவர் அந்தோனியோ பனிசி. இத்தாலியில் அரசியல் கிளர்ச்சியில் ஈடுபட்டு, மரணதண்டனைக்குத் தப்பி, இங்கிலாந்துக்கு ஏதிலியாக வந்தவர். 1837இல் அவர் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அச்சு நூல்களின் காப்பாளரானபோது, அயல்நாட்டார்க்கு இப்பதவியா என்று எதிர்ப்பு எழுந்தது. 1841இல் அவரும் அவர்தம் துணைவரும் வகுத்த 91 பட்டியல் விதிகள் வெளிவந்தன. ஆசிரியர் பெயர் பலவாறு எழுதப்பட்டிருந்தால் எதனைத் தலைப்பாகக் கொள்வது? ஆசிரியர் பெயரற்ற நூலை எங்கே சேர்ப்பது? மொழிபெயர்ப்பை மூலத்தோடு எவ்வாறு இணைப்பது? இத்தகைய வினாக்களுக்கு அவை விடை கூறின. ஒரு பட்டியலுக்கு இத்தனை விதிகளா என்று அறிஞர் பலர் எள்ளினர். அரச ஆணையம் ஒன்றின் முன்னும் பனிசி விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. அவர் தளரவில்லை. நாட்டின் மிகப்பெரிய செல்வர்க்கு நூல் கிடைக்கும் எளிமை வறிய மாணவர்க்கும் கிட்டவேண்டும் என்பது அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் அளித்த வாக்குமூலத்தின் கருத்து. வறியவரால் அறிஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்து நூலைத் தேட இயலாது. ஆகவே பட்டியலே அவர்க்கு வழிகாட்டும் அறிஞராக அமைய வேண்டும். விதிகளின் உள்ளே இருந்தது அந்த அறம்.

1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. உள்ளூர் வரிப்பணத்தில் நூலகம் நடத்த அது வழிசெய்தது. வரி செலுத்தும் மக்கள் வாசகராய் வரத் தொடங்கியதும், அவர்க்குப் பணிசெய்யப் பயின்றவர்கள் தேவைப்பட்டனர்.

4. அமெரிக்கா: பயிற்சியும் அதன் நிழலும்

1876ஆம் ஆண்டு நூலகத் தொழிலின் பிறந்த ஆண்டு என்று கூறத்தக்கது. அவ்வாண்டில் பிலடெல்பியா நகரில் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியது. அத்தொழிலுக்கென ஓர் இதழும் வெளிவந்தது. மெல்வில் டூயியின் பதின்மப் பகுப்பு முறையின் முதற்பதிப்பும் வந்தது. அடுத்த ஆண்டில் பிரித்தானியாவிலும் நூலகச் சங்கம் அமைந்தது. 1887இல் டூயி நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் உலகின் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பின் 20 மாணவருள் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்க்கக்கூடாது என்ற கல்லூரி ஆட்சியர் வகுப்பறை தர மறுத்தனர். பொருள் வைக்கும் அறையொன்றைத் துப்புரவாக்கி அங்கே வகுப்பு நடந்தது. இரண்டே ஆண்டில் அப்பள்ளி ஆல்பனி நகருக்கு மாற வேண்டியதாயிற்று.

இதனைப் பெண் முன்னேற்றத்தின் கதையாக மட்டும் சொல்லிவிடுதல் நேர்மையாகாது. கற்ற பெண்கள் ஆண்களைவிடக் குறைந்த ஊதியத்துக்குக் கிடைப்பர் என்னும் கணக்கும் நூலகங்களின் உள்ளத்தில் இருந்தது. டூயியின் சொந்த நடத்தையும் மாசுடையது. யூதர்க்கும் கறுப்பினத்தார்க்கும் அவர் காட்டிய வேற்றுமையும், பெண்களிடம் நடந்துகொண்ட முறையும் அவர் காலத்திலேயே கண்டிக்கப்பட்டன. 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் விருதொன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. தொழிலுக்குக் கதவு திறந்தவரே பிறர்க்குக் கதவடைத்தவராகவும் இருந்தார். இரண்டையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

அவர் பகுப்பு முறையிலும் அக்காலத்து உலகப் பார்வை பதிந்துள்ளது. சமயத்துக்குரிய 200 என்னும் வகுப்பில் பெரும்பகுதி கிறித்தவத்திற்கு ஒதுக்கப்பட்டது. ஏனைய சமயங்கள் எல்லாம் 290 என்னும் ஒரே பிரிவில் அடங்கின. மொழிகளுக்குரிய 400 என்னும் வகுப்பில் ஐரோப்பிய மொழிகள் சில தனித்தனிப் பிரிவு பெற, உலகின் எஞ்சிய மொழிகள் 'பிற மொழிகள்' என்னும் 490இல் திரண்டன. திராவிட மொழிகள் 494 என்னும் எண்ணில் துருக்கியம், மங்கோலியம், பின்னியம் முதலியவற்றோடு ஒருங்கே வைக்கப்பட்டன. அவற்றோடு திராவிடத்துக்கு மரபுறவு உண்டென்பது மொழியியலார் ஏற்றுக்கொண்ட முடிபன்று. இலக்கிய வகுப்பிலும் இதே நிலைதான். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிலக்கியம் 894.811 என்னும் ஆறிலக்க எண்ணின் இறுதியில் நிற்கிறது. நம் நாட்டு நூலகத்தில் தமிழ்க் கவிதை நூலின் முதுகில் ஒட்டப்பட்ட எண்ணைப் பார்க்கும் மாணவர், அவ்வெண்ணில் ஒரு வரலாறு உறைந்திருப்பதை உணர்தல் நன்று. பகுப்பு என்பது நடுநிலையான எண் வரிசை அன்று. உலகை ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்த்த ஒருவரின் பார்வை அது.

5. சீர்காழியிலிருந்து சென்ற கணித ஆசிரியர்

அப்பார்வையை அறிவின் துணைகொண்டு மறுபரிசீலனை செய்தவர் தமிழர் ஒருவர். 1892இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னையில் கணிதம் கற்பித்து வந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே அமைதியும் தனிமையும் தாங்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார் என்பர். இலண்டன் சென்று நூலகவியல் பயின்றபின் முடிவெடுக்கலாம் என்னும் உடன்பாட்டில் கப்பலேறினார். அங்கே யுனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்சிடம் பயின்றார்; பல பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். உழைக்கும் மக்களும் சிறுவரும் நூலகத்தைத் தம் வீடுபோல் பயன்படுத்துவதைக் கண்டு மனம் மாறினார். 1925இல் திரும்பி வந்தவர் தம் இறுதிக்காலம்வரை இத்துறையை விடவில்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற அவர் முன்னின்றார். 1929இல் நூலகப் பயிற்சி தொடங்கிற்று. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல் பயன்படுதற்கு உரியது. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்கேற்ற நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற வாசகரும் உண்டு. வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது. நூலகம் ஓர் உயிரிபோல் வளர்ந்துகொண்டேயிருப்பது. இவையே அவ்விதிகளின் பொருள். காப்பவரைக் காட்டுபவராக மாற்றும் கொள்கை இவற்றினும் சுருக்கமாக எங்கும் வகுக்கப்படவில்லை. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. வாசகர் வாராவிடத்து நூல் அவரை நாடிச் சென்றது.

1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு, உலகின் எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே எண் இட்டு வைக்கும் முறையைக் கைவிட்டது. இலண்டன் கடையொன்றில் சிறுவர்க்கான மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டபோது இவ்வெண்ணம் தோன்றியதென்று அவரே கூறியுள்ளார். சில துண்டுகளையும் திருகாணிகளையும்கொண்டு பல பொம்மைகளைக் கட்டுவதுபோல், சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எந்நூலுக்கும் எண் அமைக்கலாம். அக்கூறுகளைப் பிற்காலத்தில் அவர் ஐந்தாகத் தொகுத்தார்: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுப்பது நம் இலக்கண மரபு. இரு பட்டியல்களிலும் பொருள், இடம், காலம் என்னும் மூன்று பெயர்கள் பொதுவாக உள்ளன. அவருடைய ஆற்றல் என்பதில் தொழிலும் அடங்கும். அவர் தமிழ் இலக்கணத்திலிருந்து இதனை எடுத்தார் என்று நாம் கூறவில்லை. அதற்குச் சான்றும் காட்ட இயலாது. பொருளியலில் அவர் 'பொருள்' என்பது மூலப்பொருளை. நம் இலக்கணத்தின் பொருட்பெயரோ அதனினும் விரிந்தது. ஆயினும் உலகைக் கூறுகளாகப் பகுத்து நோக்கும் மனம், நூலுக்கு எண் இடும்போதும் சொல்லுக்கு இலக்கணம் கூறும்போதும் ஒரே வழியில் செல்வதைக் காண்கிறோம். வகுப்பறையில் பெயர்ச்சொல் பாடம் நடத்தும்போது இவ்வொப்பீட்டைச் சொன்னால் மாணவர் ஆர்வம் கொள்வர். நம் பட்டறிவில் கண்டது இது.

1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதற்சட்டமாகும். அதற்கு அடிப்படை வகுத்ததும் அரங்கநாதனின் உழைப்பே. 1972இல் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் நூலகவியல் பயிலும் மாணவர் அவர் விதிகளைக் கற்கின்றனர்.

6. நம் நாடுகளில்

சிங்கப்பூரில் 1845இல் தொடங்கிய நூலகம் சந்தா செலுத்துவோர்க்கு உரியது. 1874இல் அது ராபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமுமாக அரசின் பொறுப்பில் வந்தது. நெடுங்காலம் அது ஆங்கில நூலகமாகவே இருந்தது. தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ தத்தம் மொழியில் கற்க அங்கே இடம் அரிது.

1953இல் ரப்பர்த் தொழிலதிபர் லீ கோங் சியான் நூலகக் கட்டடத்திற்கு 375,000 வெள்ளி அளிக்க முன்வந்தார். நூலகம் கட்டணமின்றி இயங்க வேண்டும், உள்நாட்டு மொழி நூல்களுக்கும் அங்கே இடமளிக்க வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். ஒரு வணிகரின் நிபந்தனை ஒரு நாட்டின் நூலகக் கொள்கையை மாற்றியது. 1960இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் திறக்கப்பட்ட தேசிய நூலகம் நான்கு மொழிகளுக்கும் உரியதாயிற்று. அவ்வாறு நான்கு மொழிகளுக்கும் உரியதானபோது, அந்நான்கையும் அறிந்த நூலகர்கள் தேவைப்பட்டனர். 1965 முதல் 1988 வரை அதன் இயக்குநராயிருந்த ஹெட்விக் அனுவார், உள்நாட்டவரைப் பயிற்றுவித்து இப்பணியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய நூலகர்கள் 1955இல் மலாயா நூலகக் குழுவை அமைத்தனர். இன்று இருநாட்டிலும் உள்ள நூலகச் சங்கங்களுக்கு வேர் அதுவே. மலேசியாவில் 1972இல் தேசிய நூலகச் சட்டம் இயற்றப்பட்டது.

தமிழைப் பொறுத்தவரை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய நூல் ஒன்றுண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறையைச் சேர்ந்த மொழியியலாளர் இராம சுப்பையா தொகுத்து, அப்பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் பட்டியல் அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அது வரிசைப்படுத்துகிறது. இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றை ஆராய்வோர் எவரும் அதனைத் தொடாமல் செல்ல இயலாது. கலிமாக்கசும் இப்னு அல்நதீமும் தம் மொழிக்குச் செய்ததை இங்கே தமிழுக்குச் செய்தவர் ஒரு மொழியியலாளர். மொழியியலார்க்கு இப்பொருளில் என்ன வேலை என்னும் வினாவிற்கு அதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

7. முடியாத பயணம்

நம் மாணவப் பருவத்தில் நேர்ந்த இடர்ப்பாட்டிற்கு மீண்டும் வருவோம். 1961இல் பாரிசு நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, ஆசிரியரின் பெயரில் எச்சொல்லைத் தலைப்பாகக் கொள்வது என்பதை அவர்தம் நாட்டு வழக்கையும், அது இயலாவிடத்து அவர் எழுதும் மொழியின் வழக்கையும் நோக்கி முடிவு செய்ய வேண்டுமென்று ஏற்றுக்கொண்டது. ஆகவே நெறி இல்லாமலில்லை. ஆயின் அந்நெறியைத் தமிழுக்குப் பொருத்தத் தமிழ்ப் பெயரின் இயல்பை அறிந்தவர் வேண்டும். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். மலேசிய ஆவணங்களிலோ 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களை அடுத்துப் பின்னே நிற்கும். ஊர்ப்பெயரும் புனைபெயரும் சேர்வதுண்டு. இவற்றுள் ஆசிரியரின் இயற்பெயர் எதுவென்று கணினி தானாக அறியாது. தமிழறியாத பணியாளரும் அறியார்.

எழுத்துபெயர்ப்பும் அத்தகையதே. 'தமிழ்' என்னும் ஒரே சொல்லின் ஈற்று எழுத்தை ரோமன் வரிவடிவில் மூன்று நான்கு வகையாக எழுதுகிறோம். நூலகங்கள் பின்பற்றும் முறையில் ல, ள, ழ மூன்றும் புள்ளியாலும் கோட்டாலும் வேறுபடுத்தப்படும். அக்குறிகளை இடாமல் தேடும் மாணவர்க்கு மூன்றும் ஒன்றாகிவிடும். தாம் கேட்டெழுதும் ஒலியின்படி தேடினாலோ நூல் கண்ணிற்படாமலே போகும். தமிழ் எழுத்திலேயே பதிவு செய்யும் வசதி இன்று வந்துவிட்டது. ஆனால் பழைய பதிவுகளைத் தமிழுக்கு மாற்றுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் தமிழும் நூலகவியலும் ஒருங்கே கற்றவராயிருத்தல் வேண்டும்.

இதில் நம் கடமையும் உண்டு. நம் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களையும், சங்கங்களின் சிறப்பு மலர்களையும், தோட்டப்புறத்து எழுத்தாளர் தாமே அச்சிட்ட கவிதைத் தொகுதிகளையும் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் ஆண்டு இராது. வெளியிட்ட ஊர் இராது. ஆசிரியரின் முழுப்பெயர் இராது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அது குறையாகத் தோன்றாது. அவர்க்குப்பின் அந்நூல் யாருடையதென்று கூற எவருமிரார்.

ஆகவே மாணவர்க்கு மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, உங்கள் பள்ளியோ சங்கமோ வெளியிடும் எதிலும் முழுப்பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிடச் செய்யுங்கள். படியொன்றைத் தேசிய நூலகத்தில் சேர்ப்பியுங்கள். இரண்டாவது, உங்கள் பள்ளி நூலகத்திலுள்ள தமிழ் நூல்களை ஒருமுறையேனும் நீங்களே பட்டியலிட்டுப் பாருங்கள். விதிகள் ஏன் தேவைப்பட்டன என்பது அப்போது தெளிவாகும். மூன்றாவது, உங்களுள் சிலரேனும் இத்தொழிலைக் கற்க முன்வாருங்கள். தமிழ் படித்தவர்க்கு ஆசிரியப் பணியொன்றே உரியது என்று எண்ணும் பெற்றோர் பலர். ஆசிரியர்களே அவர்கட்கு இவ்வழியையும் எடுத்துரைக்க வேண்டும்.

முடிவுரை

களிமண் பலகையின் ஓரத்தில் அடுத்த அடியைக் குறித்து வைத்தவர், சுருள்களின் முதற்சொற்களைப் பதிந்தவர், வறிய மாணவரை எண்ணி விதி வகுத்தவர், பொருள் வைக்கும் அறையில் அமர்ந்து பாடம் கேட்ட பெண்கள், மாட்டுவண்டியில் நூலேற்றி அனுப்பியவர், இந்நாட்டுத் தமிழ் நூல்களை வரிசையிட்டவர் ஆகிய இவர்களெல்லாம் தாம் நேரில் காணப்போகாத வாசகர்க்காக உழைத்தவர்கள்.

அன்று நமக்கு நூலை எடுத்துக்கொடுத்த முதியவர் நூலகவியல் கற்றவரல்லர். பல்லாண்டு அலமாரிகளுக்கிடையே நடந்து, தமிழ் நூல்களைத் தம் நினைவில் பட்டியலிட்டு வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுச் சென்றபோது அப்பட்டியலும் அவருடனே சென்றது. அட்டையிலிருந்த பிழை நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. அவர் அறிந்திருந்ததை அட்டையிலும் கணினியிலும் எழுதி வைப்பவர் ஒருவர் அன்று அவர் அருகில் இருந்திருக்க வேண்டும். அவ்வொருவராக உங்களுள் யாரேனும் வருவீர்களாயின் இப்பொழிவு பயனுடையதாகும்.